நீலக் கம்பெனியின் சாதாரண மனிதர்

உலகம் முழுக்கச் சாதாரண மனிதர்கள்தான் நிரம்பிக் கிடக்கிறார்கள். ஆனால் சாதாரணமாக இருப்பதற்கே மாதாமாதம் சம்பளம் வாங்கிய ஆளை யாராவது பார்த்திருக்கிறீர்களா? நம்மாள் வாங்கினான். கழுத்தில் தொங்கிய அடையாள அட்டையில் புகைப்படம், அதற்குக் கீழே ‘பதவி: சாதாரண மனிதர்’, அதற்கும் கீழே பொடி எழுத்தில் ‘நிரந்தரம்’. இந்தக் கொடுப்பினை வேறு யாருக்கு வாய்க்கும்?

அதற்கு முன்னால் பத்தொன்பது வருஷம் அவன் செருப்புக் கடையில் வேலை பார்த்தான். முழங்காலிட்டு உட்கார்ந்து அடுத்தவர் காலுக்குச் செருப்பு மாட்டிவிடுகிற உத்தியோகம். அந்த நாளில்தான் ஊருக்கு வெளியே நெடுஞ்சாலையில் எதிரும் புதிருமாக இரண்டு விண்வெளிக் கம்பெனிகள் முளைத்தன. ஒன்றுக்கு நீலச் சுவர், மற்றதற்கு மஞ்சள் சுவர். மனிதர்களை வானத்துக்கு மேலே கூட்டிக்கொண்டு போய், ஆறு நிமிஷம் மிதக்கவிட்டு, பத்திரமாகத் திரும்பக் கொண்டுவந்து இறக்குவதுதான் இரண்டுக்கும் தொழில். அதாவது, தொழிலாக இருக்கப்போகிறது. அதுவரைக்கும் இரண்டு கம்பெனியும் ஒரு ஈ காக்காயைக்கூட மேலே அனுப்பியதில்லை. ஒரே ஒரு தடவை மஞ்சள் கம்பெனி ஒரு பொம்மையை அனுப்பியது. பொம்மை திரும்பி வந்தது, தலை மட்டும் வரவில்லை. மறுநாள் காலையிலேயே நீலக் கம்பெனி ‘எங்கள் பொம்மைக்குத் தலை உண்டு’ என்று சாலையோரம் விளம்பரப் பலகை வைத்துவிட்டது. அந்தப் பொம்மை எங்கேயும் போகவே இல்லையே என்று யாரும் கேட்கவில்லை.

‘சாதாரண மனிதர் தேவை’ என்று நீலக் கம்பெனி விளம்பரம் கொடுத்தபோது, அவன் மனைவிதான் பேப்பரை நீட்டினாள். “ஏங்க, இதுக்கு உங்களை விட்டா வேற ஆளே கிடையாதுங்க” என்றாள். பாராட்டா திட்டா என்று அவனுக்குப் புரியவில்லை. பதினேழு வருஷக் குடித்தனத்தில் இது புதிதும் இல்லை. போனான்.

அறுநூற்று நாற்பது பேர் வரிசையில் நின்றார்கள். உயரம், எடை, கையின் நீளம், பாதத்தின் அகலம், மூச்சு, நாடித் துடிப்பு, பார்வை என்று ஒரு டாக்டர் எல்லாவற்றையும் அளந்து எழுதினார். எந்தக் கணக்கைப் போட்டாலும் நம்மாள் நட்டநடுவில் வந்து நின்றான். “இப்படி ஒரு சராசரியை நான் புத்தகத்துலதான் பார்த்திருக்கேன்” என்று டாக்டர் அளவு நாடாவைச் சுருட்டிக்கொண்டே சொன்னார். அன்றிலிருந்து கம்பெனியில் அவன் பெயர் சராசரி. வீட்டிலும் அதுவே ஒட்டிக்கொண்டது.

வேலை ஒன்றும் மலையைப் புரட்டுவது இல்லை. ஒரு பழைய டைல்ஸ் கிடங்கில் மரப்பலகையால், ராக்கெட்டில் ஆள் உட்காருகிற கேப்சூல் மாதிரி ஒன்று செய்து வெள்ளிப் பெயின்ட் அடித்து வைத்திருந்தார்கள். அதில் ஏறி, மல்லாந்த நாற்காலியில் படுத்த வாக்கில் உட்கார வேண்டும். தோளுக்கு இரண்டு, இடுப்புக்கு இரண்டு, தொடைக்கு நடுவில் ஒன்று என்று ஐந்து பூட்டுப் பட்டைகள். தலைக்கவசத்தில் ஒரு காற்றுக் குழாய். விசில் ஊதியதும் எல்லாவற்றையும் கழற்றி, கைப்பிடியைத் திருப்பி, கதவைத் தள்ளி, வெளியே வந்து தரையில் கால் வைக்க வேண்டும். வைத்ததும் மறுபடி ஏறிப் படுக்க வேண்டும். நாளைக்கு ஆறு தடவை. ஸ்டாப்வாட்ச் பிடித்து நேரம் குறிக்க ஒரு பெண் இருந்தாள். அவளை எல்லாரும் கடிகாரம் என்பார்கள். பேச்சு குறைவு, எழுத்து முத்து முத்தாக இருக்கும்.

இதெல்லாம் எதற்கு? உரிமம் கொடுக்கிற அலுவலகத்தில் ஒரு விதி இருந்தது. ஆபத்து என்று வந்தால், பயிற்சி எதுவும் இல்லாத ஒரு சாதாரண மனிதர், யார் உதவியும் இல்லாமல், தொண்ணூறு விநாடிக்குள் கேப்சூலை விட்டு வெளியேற முடிய வேண்டும். முடிந்தால்தான் பயணிகளை ஏற்றலாம். நல்ல விதிதான், யாரோ நல்ல மனுஷன் எழுதியிருக்கிறான். அதனால் ஒவ்வொரு தடவை இறங்கியதும் நம்மாள் ஒரு படிவத்தில் கையெழுத்துப் போடுவான். ‘நான் இந்த வேலையில் பயிற்சி இல்லாத சாதாரண மனிதர் என்று உறுதி கூறுகிறேன்.’ நாளைக்கு ஆறு கையெழுத்து.

முதல் நாள் அவனுக்கு நாலு நிமிஷம் இருபது விநாடி ஆனது. ஒரு பட்டை கழுத்தில் மாட்டிக்கொண்டது, ஒரு ஷூ உள்ளேயே நின்றுவிட்டது. பாவம், வெளியே வந்தவன் அரை மணி நேரம் தண்ணீர் குடித்தான். ஒரு மாதத்தில் எண்பது விநாடிக்கு வந்தான். ஆறு மாதத்தில் ஐம்பது. மூச்சை முழுக்க வெளியே விட்டால் தோள் பட்டை இரண்டு விரற்கடை தளரும் என்று கண்டுபிடித்தான். இடது இடுப்பை முதலில் திருப்பினால் தொடைப் பூட்டு தானாக மேலே வரும். குதிகாலைப் பலகையின் விளிம்பில் முட்டுக் கொடுத்தால் ஒரே தள்ளில் கதவுக்கு வந்துவிடலாம். அவனுக்கு எட்டவில்லை என்று கைப்பிடியை இரண்டு அங்குலம் கீழே இறக்கினார்கள். அவனுக்கு முதுகு வலிக்கிறது என்று அவன் முதுகை அச்செடுத்து நாற்காலி வார்த்தார்கள். மூன்று வருஷத்தில் முப்பத்தோரு விநாடி. கேப்சூல் அவன் உடம்புக்கு அளவெடுத்துத் தைத்த சட்டை ஆகிவிட்டது.

மேலாளருக்குத் தலைகால் புரியவில்லை. ‘ஆபத்தா? 31 விநாடி போதும்!’ என்று பலகை வைத்தார். மஞ்சள் கம்பெனி சும்மா இருக்குமா? அவர்களிடமும் ஒரு சாதாரண மனிதர் இருந்தார். முன்னாள் கயிற்று நடனக்காரர் என்று பேச்சு. ‘30 விநாடி’ என்று எதிரே பலகை எழும்பியது. நீலம் இருபத்தொன்பதரை என்றது. மஞ்சள் இருபத்தொன்பதே கால் என்றது. மனிதகுலத்தின் எதிர்காலம் இப்படிக் கால் விநாடி கால் விநாடியாக முன்னேறிக்கொண்டிருந்தது. இரண்டு ராக்கெட்டும் தரையில்தான் நின்றன.

அவனுக்கும் இதில் பெருமைதான். இல்லை என்று சொன்னால் அவன் மனைவியே நம்பமாட்டாள். தெருவில் போகிறபோது “அதோ சாதாரண மனிதர் போறாரு” என்று பிள்ளைகள் கை காட்டின. மஞ்சள் கம்பெனி இரண்டு மடங்கு சம்பளம் தருவதாக ஆள் அனுப்பிய அன்று நீலக் கம்பெனி அவனுக்குத் தனி அறை ஒதுக்கி, கதவில் பித்தளைப் பலகை அடித்தது. அதிலும் ‘சாதாரண மனிதர்’தான். முன் அனுமதி இல்லாமல் உள்ளே வரக் கூடாது என்று வேறு எழுதியிருந்தது.

இப்படியே போயிருந்தால் அவனும் ஓய்வு பெறுகிறவரை சாதாரணமாகவே இருந்திருப்பான். அக்கா வந்து கெடுத்தாள்.

அக்காவுக்கு ஐம்பத்தெட்டு வயது. ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் முப்பத்தோரு வருஷம் நின்றபடியே இஸ்திரி போட்டவள். கல்யாணம் கார்த்தி ஒன்றும் வேண்டாம் என்று தனியாக ஒரு அறையில் குடியிருந்தாள். வாய் நீளம், மனசு அதைவிட நீளம். இடது முட்டி தேய்ந்து போய், உட்கார்ந்தால் எழ ஐந்து நிமிஷம், எழுந்தால் உட்கார ஐந்து நிமிஷம். நீலக் கம்பெனி ‘முதல் பயணி நீங்களாகவும் இருக்கலாம்! ஏன் போக வேண்டும்? ஒரே வரியில் எழுதுங்கள்’ என்று போட்டி வைத்தபோது, தம்பிக்குக்கூடச் சொல்லாமல் எழுதிப் போட்டாள். மற்றவர்கள் நட்சத்திரம், கனவு, மனிதகுலம் என்று எழுதியிருந்தார்கள். அக்கா எழுதியது இவ்வளவுதான்: ‘முட்டி வலிக்கிறது. மேலே போனால் உடம்பு பாரமே தெரியாதாமே.’

மேலாளர் அதைப் படித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். துடைத்த கையோடு பலகை எழுதுகிற ஆளைக் கூப்பிட்டார். ‘பாரமில்லாத ஆறு நிமிடம்’ என்ற வாசகமும், அக்காவின் சிரித்த முகமும், சாலையில் நாற்பது அடி உயரத்துக்கு நின்றன. வேலைக்குப் போகிற வழியில் அதைப் பார்த்துத்தான் தம்பிக்கு விஷயமே தெரிந்தது. சைக்கிளை நிறுத்திவிட்டு வாயைப் பிளந்துகொண்டு நின்றான்.

முதலில் சந்தோஷமாகத்தான் இருந்தது. அன்று மத்தியானம் சாப்பிட்டுக்கொண்டே மனைவியிடம் சொன்னான். அவள்தான், “உங்க அக்காவுக்கு அந்த முட்டியை வச்சுக்கிட்டு அதுல இருந்து இறங்க வருமாங்க?” என்று கேட்டாள்.

“தொண்ணூறு விநாடி இருக்கே. தாராளமா வரலாம்.”

“எங்க, நான் இறங்கிப் பாக்கறேன்.”

வாஷிங் மெஷின் வந்த அட்டைப்பெட்டி பரணில் இருந்தது. அதற்குள் நாற்காலியைச் சாய்த்து வைத்து, பைகளின் வாரையும் தன் இடுப்பு பெல்ட்டுகளையும் கொண்டு அவளைக் கட்டினான். கதவு மாதிரி மூடியைச் சாத்தினான். விசில் இல்லாததால் வாயாலேயே ஊதினான். உள்ளே தடபுடவென்று சத்தம். “ஐயோ, கை மாட்டிக்கிச்சு”, “இது எந்தப் பக்கம் கழலும்?”, “அம்மா, தலை!” என்று ஒவ்வொன்றாக வந்தது. தொண்ணூறு விநாடி ஆனது. மூன்று நிமிஷம் ஆனது. ஐந்தாவது நிமிஷத்தில் பெட்டியோடு சேர்ந்து கவிழ்ந்தாள்.

“அவசரத்துல அண்டாவுக்குள்ளயே கை போகாதும்பாங்க. இதுல எப்படிங்க போகும்?” என்று கவிழ்ந்த வாக்கிலேயே கத்தினாள். “வேடிக்கை பாக்காம கழட்டுங்க முதல்ல!”

அவன் குனிந்தான். கண்ணால்கூடப் பார்க்கவில்லை. கை போனது, வந்தது, பட்டைகள் எல்லாம் கழன்று கீழே கிடந்தன. மனைவி தலையைத் தடவிக்கொண்டே அவன் கையைப் பார்த்தாள்.

“ஏங்க, உங்க கை என்ன இப்படி ஓடுது? நீங்க எங்கங்க சாதாரண ஆளு?”

சாப்பாடு இறங்கவில்லை அவனுக்கு. செருப்புக் கடையில் ஒரு விஷயம் உண்டு. வருகிறவர் போகிறவர் எல்லாரும் போட்டுப் பார்க்க ஒரு ஜோடியை வெளியே வைத்திருப்பார்கள். ஆயிரம் கால் நுழைந்து அது தளர்ந்து இளகிக் கிடக்கும். யார் கால் விட்டாலும் ‘அடடா, என்ன சுகம்’ என்பார்கள். வாங்கிக்கொண்டு போகிற ஜோடி பெட்டியில் இருந்து வரும், நாலே நாளில் குதிகாலைக் கடித்துவிடும். இத்தனை வருஷம் அதைத் தெரிந்தே விற்றவன் அவன். இப்போது அந்த வெளி ஜோடி தான்தான் என்று அவனுக்குப் பட்டது. தன்னைக் காட்டி அக்காவுக்கு விற்கிறார்கள். தான் தினம் ஆறு தடவை போட்ட கையெழுத்தை நம்பித்தான் அவள் உள்ளே போய்ப் படுக்கப்போகிறாள். ஏதாவது புகைந்தால், தீப்பிடித்தால், அவள் அங்கேயேதான் இருப்பாள்.

நேராக மேலாளரிடம் போனான்.

“சார், அக்கா ஒரு தடவை உக்காந்து பாக்கட்டுமே சார்.”

“எதுக்கு?”

“வெளிய வர முடியுதான்னு பாக்கத்தான்.”

“அதுக்குத்தானே நீங்க இருக்கீங்க?”

“நான் வந்துடுவேன் சார். அக்காவால முடியணுமே.”

மேலாளர் நாற்காலியில் நன்றாகச் சாய்ந்துகொண்டார். சிறு பிள்ளைக்குச் சொல்கிற பொறுமை அவர் முகத்தில் வந்தது. “விதி என்ன சொல்லுது? சாதாரண மனிதர் வெளிய வரணும். நம்ம பதிவேட்டுல சாதாரண மனிதர்னு ஒரே ஒருத்தர்தான் இருக்கார். அது நீங்க. உங்க அக்கா சாதாரண மனிதர் கிடையாது.”

“அப்போ அவங்க யாரு சார்?”

“சரித்திரம்.”

மேலாளர் குரலைத் தாழ்த்திக்கொண்டு, மஞ்சள்காரன் அடுத்த மாதம் பறக்கப்போகிறான், அதனால் நாம் இந்த மாதமே பறக்கிறோம், வெள்ளிக்கிழமை உரிம அதிகாரி சோதனை பார்க்க வருகிறார், நீங்கள் வழக்கம்போல இறங்கிக் கையெழுத்துப் போட்டால் போதும் என்றார். “இருபத்தெட்டு விநாடிக்கு முயற்சி பண்ணுங்க. பலகைக்கு நல்லா இருக்கும்.”

வியாழக்கிழமை சாயங்காலம் அக்கா வீட்டுக்குப் போனான். அவள் காலை ஸ்டூலில் நீட்டி, முட்டிக்கு வெந்நீர்ப் பை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கம்பெனி கொடுத்த நீல உடுப்பு ஆணியில் தொங்கியது. அதை அவளே இஸ்திரி போட்டிருந்தாள், மடிப்பு கத்தி மாதிரி நின்றது.

“அக்கா, இது வேணாம்க்கா.”

“எது?”

“இந்தப் பயணம். ஏதாவது ஒண்ணு ஆச்சுன்னா உன்னால வெளிய வர முடியாதுக்கா. நான் வர்ற நேரத்தைக் காட்டி உன்னை ஏத்துறாங்க.”

அக்கா வெந்நீர்ப் பையை எடுத்துக் கீழே வைத்தாள். “மூணு வருஷமா நீதானே அதுல ஏறி ஏறி இறங்கறே. உன்னைக் கூட்டிக்கிட்டுப் போகல, என்னைக் கூட்டிக்கிட்டுப் போறாங்க. பொறாமையாடா?”

“பொறாமை இல்லக்கா. சத்தியமா பயம்.”

“எனக்குப் பயமே இல்லைன்னு யாருடா சொன்னா?” குரல் உடைந்தது. அவள் அழுது அவன் பார்த்ததில்லை. “காலைல எந்திரிச்சு தரையில கால் வைக்கும்போதே உசுரு போய் உசுரு வருது. இன்னிக்கும் வைக்கணுமேன்னு படுக்கையிலேயே கால் மணி நேரம் கிடக்கேன். யார்கிட்டயாவது சொன்னேனா? ஆறு நிமிஷம்டா. முட்டி மேல ஒண்ணுமே இல்லாம ஆறு நிமிஷம் இருந்துட்டு வந்துடறேன். இந்த வயசு வரைக்கும் எனக்குன்னு எதையாவது நான் கேட்டிருக்கேனா?”

கேட்டதில்லைதான்.

“நாளைக்கு ஒழுங்கா இறங்கிடு. சொதப்பி என் வாயில மண்ணைப் போட்டுடாதே” என்றாள்.

மெல்லவும் முடியாமல் விழுங்கவும் முடியாமல் வீடு வந்து சேர்ந்தான். மனைவியிடம் மட்டும் சொன்னான்: “நாளைக்கு மெதுவா இறங்கப்போறேன். ரெண்டு நிமிஷம். அவ்வளவுதான், பயணம் நின்னுடும். கை நழுவிடுச்சுன்னு சொல்லிக்கலாம்.”

“வேலை போயிடுமேங்க.”

“போகட்டும்.”

“சரி, போகட்டும்” என்றாள் அவளும்.

வெள்ளிக்கிழமை கிடங்கில் நிற்க இடமில்லை. பத்திரிகைக்காரர்கள், கேமராக்கள், நீலத் தொப்பி போட்ட ஊழியர்கள். கிடங்கின் திறந்த வாசலுக்கு நேரே, சாலைக்கு அந்தப் பக்கக் கூரையில் மஞ்சள் தொப்பி போட்ட நாலு பேர் பைனாகுலரோடு உட்கார்ந்திருந்தார்கள். அக்கா நீல உடுப்பில் முன்வரிசையில் இருந்தாள். உரிம அதிகாரி ஒல்லியான மனிதர். கோப்பைத் தவிர எதையும் நிமிர்ந்து பார்க்கவில்லை. கொடுத்த டீயைக்கூடக் கோப்பைப் பார்த்துக்கொண்டே குடித்தார்.

நம்மாள் ஏறிப் படுத்தான். பட்டைகள் பூட்டப்பட்டன. மெதுவாக, மெதுவாக என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டான். முதல் பூட்டில் பத்து விநாடி தடுமாற வேண்டும், குழாயை மறந்துவிட வேண்டும், கைப்பிடியைத் தப்பான பக்கம் திருப்ப வேண்டும் என்று வரிசையாகத் திட்டம் வைத்திருந்தான். கதவு மூடியது. விசில் ஊதியது.

மூச்சு தானாக வெளியே போனது. தோள் தளர்ந்தது. இடுப்பு இடது பக்கம் திரும்பியது. ஐயையோ, நில்லு நில்லு என்று அவன் நினைக்கிறதற்குள் குதிகால் முட்டுக் கொடுத்துவிட்டது, கை கைப்பிடியைச் சரியான பக்கமே திருப்பிவிட்டது. மனசு உள்ளேயே இருந்தது. உடம்பு வெளியே வந்து நின்றுகொண்டிருந்தது.

“இருபத்தேழு” என்றாள் கடிகாரம்.

கூரை பிய்ந்து போகிற மாதிரி கைதட்டினார்கள். மேலாளர் ஓடிவந்து கட்டிக்கொண்டார். அக்கா இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கிச் சிரித்தாள். எதிர்க்கூரையில் மஞ்சள் தொப்பிகள் எதையோ அவசரமாகக் குறித்துக்கொண்டார்கள். நம்மாளுக்குத் தன் கையை வெட்டிப் போட்டால் என்ன என்று இருந்தது. இந்தக் கை சொன்ன பேச்சைக் கேட்காது, இதற்கு இனிமேல் மெதுவாகச் செய்யவே தெரியாது.

அதிகாரி படிவத்தை நீட்டினார். “இங்க ஒரு கையெழுத்து.”

பேனாவை வாங்கினான். ‘பயிற்சி இல்லாத சாதாரண மனிதர் என்று உறுதி கூறுகிறேன்.’ அந்த வரியை அவன் மூன்று வருஷத்தில் முதல் தடவையாக முழுசாகப் படித்தான். பேனாவைத் திருப்பிக் கொடுத்தான்.

“போட முடியாதுங்க.”

“ஏன்?”

“நான் சாதாரண ஆள் இல்லைங்க. இதுல இருந்து இறங்குறதுல என்னை மாதிரி ஆளு இந்த ஊருலயே கிடையாது.” கடிகாரத்தைப் பார்த்தான். “எத்தனை தடவைம்மா?”

அவள் நோட்டைத் திறக்கக்கூட இல்லை. “இன்னியோட நாலாயிரத்து முந்நூத்தி ஆறு, அண்ணே.”

மேலாளர் சிரிக்க முயன்றார். “தன்னடக்கம் சார். ரொம்பத் தன்னடக்கமான மனுஷர்.” அதிகாரி முதல் தடவையாகத் தலையைத் தூக்கினார். அவருக்குக் கோபமும் இல்லை, வியப்பும் இல்லை. கட்டம் காலியாக இருந்தது, அதுதான் அவர் கவலை.

“அப்போ இங்க யார் சாதாரண மனிதர்? யாராவது ஒருத்தர் ஏறி உக்காருங்க. எனக்கு மத்தியானம் வேற இடத்துக்குப் போகணும்.”

மேலாளரைப் பார்த்தார். மேலாளர் முதுகுவலி என்றார். நீலத் தொப்பிகள் ஒன்றின் பின்னால் ஒன்று ஒளிந்தன. ‘அனைவருக்கும் விண்வெளி’ என்று சட்டையில் அச்சடித்தவன்கூட இரண்டு அடி பின்னால் போனான்.

“நான் உக்கார்றேன்” என்று ஒரு குரல். அக்கா எழுந்துகொண்டிருந்தாள். எழ ஐந்து நிமிஷம். தம்பியைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. “இவன் கையெழுத்துப் போடலைன்னா என்ன? நான் இறங்கிக் காட்டறேன். எனக்கு என் பயணம் வேணும்.”

அவளை உள்ளே ஏற்றுவதற்கே நாலு பேர் வேண்டியிருந்தது. தம்பியின் முதுகுக்கு வார்த்த நாற்காலி அவளை ஒரு பக்கமாகச் சாய்த்தது. கதவு மூடியது. விசில். உள்ளே பேசுவது வெளியே கேட்க ஒரு ஒலிபெருக்கி இருந்தது. அதில் முதலில் மூச்சுச் சத்தம் கேட்டது. பிறகு ஒரு ‘டக்’. ஒரு பூட்டு. “அப்பாடா” என்றாள். கொஞ்ச நேரம் கழித்து இரண்டாவது ‘டக்’. பிறகு ஒன்றும் இல்லை. “இது எங்கடா இருக்கு” என்று தனக்குத்தானே கேட்டாள். முட்டி எதிலோ இடித்திருக்க வேண்டும், ஒரு முனகல் வந்தது. நம்மாள் நகத்தைக் கடித்துக்கொண்டு நின்றான். வா அக்கா, இடது இடுப்பைத் திருப்பு, மூச்சை விடு என்று உதடு அசைந்தது. தடுக்க வந்தவனும் அவன்தான், இப்போது அவள் இறங்கிவிட வேண்டும் என்று தவிக்கிறவனும் அவன்தான்.

“தொண்ணூறு” என்றாள் கடிகாரம்.

அதிகாரி தம் கட்டத்தில் ஏதோ எழுதி, கோப்பை மூடினார். “உரிமம் இல்லை” என்றார். மேலாளர் தலையில் கை வைத்துக்கொண்டு, “கதவைத் திறங்கப்பா, அந்தம்மாவை இறக்குங்க” என்றார்.

“யாரும் திறக்காதீங்க!”

ஒலிபெருக்கி அலறியது. எல்லாரும் அப்படியே நின்றார்கள்.

“நான் இறங்கமாட்டேன். ஆளாளுக்கு இறங்கு இறங்குன்னு கடிகாரத்தைப் பிடிச்சுக்கிட்டு நிக்கறீங்களே, இறங்குறதுக்காய்யா நான் வந்தேன்? இறங்குறது எனக்கு வராது. எனக்குப் போகணும். நான் போறதுக்குத்தான் வந்தேன்.”

யாரோ ஒருவன் சிரித்தான். பக்கத்தில் இருந்தவர்களும் சிரித்தார்கள். எதிர்க்கூரையிலிருந்து விசில் அடித்தார்கள். பிறகு ஒலிபெருக்கியில் அக்கா அழுகிற சத்தம் கேட்டது. சிரித்தவர்கள் தரையைப் பார்த்தார்கள்.

நம்மாள் படியேறிக் கதவைத் திறந்தான். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். கை போனது, மிச்சமிருந்த மூன்று பூட்டும் கழன்றன, குழாய் கழன்றது. அவளை இரண்டு கைகளிலும் வாரி எடுத்து, ஒவ்வொரு படியாக, பின்பக்கமாகவே இறங்கினான். தரைக்கு வந்து அவளை நிறுத்தக் குனிந்தான். அவள் அவன் கழுத்தைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள்.

“கீழ விடாதேடா” என்றாள் காதருகில். “கொஞ்ச நேரம் இப்படியே வச்சிரு. கால் தரையில பட வேணாம்.”

சரிக்கா என்று நிமிர்ந்தான். மேலாளர் கத்திக்கொண்டிருந்தார். அவனுடைய அட்டையைப் பிடுங்கச் சொன்னார், யாரோ வந்து பிடுங்கினார்கள். கேமராக்கள் எல்லாம் சாலைக்கு அந்தப் பக்கம் மஞ்சள் கம்பெனியைப் பார்த்து ஓடின. அக்கா எழுபத்தெட்டு கிலோ. முதுகு தெறித்தது, முழங்கை நடுங்கியது, கண் இருட்டியது. அக்கா கண்ணை மூடி, தலையை அவன் தோளில் சாய்த்திருந்தாள். நீல உடுப்புக்குள் இடது கால் காற்றில் சும்மா ஆடிக்கொண்டிருந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு நின்றான். ஆறு நிமிஷம் அவனால் முடியவில்லை. ஒரு சாதாரண மனிதனால் எவ்வளவு நேரம் முடியுமோ, அவ்வளவு நேரம் வைத்திருந்தான்.